ஒரே கப்பல், ஒரே துப்பாக்கி, அடி மட்டும் ஏன் குறைகிறது? ஈவ் ஆன்லைனில் ஸ்கில்லுக்கு ஏற்ற ஃபிட்டிங்

காட்பாடி ஹாஸ்டல்களிலும் சத்துவாச்சாரி, பாகாயம் வீடுகளிலும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆட ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் புகார் ஒன்று உண்டு. "மச்சி, அவன் போட்ட அதே ஃபிட்டிங்தான்டா நானும் போட்டேன். எனக்கு மட்டும் டேமேஜே வரல."

இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் தவறானவை. "விலை அதிகமான கன் வாங்கு" என்பார்கள், "பெரிய கப்பலுக்குப் போ" என்பார்கள், "பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) அதிகம், அதான்" என்பார்கள். மூன்றுமே காரணம் இல்லை. ஒரு கருவியின் தகவல் அட்டையில் இருக்கும் எண் வெறும் அடிப்படை எண்தான். உங்கள் கப்பல் அதைப் பெருக்குகிறது, உங்கள் ஸ்கில் அதை இன்னும் பெருக்குகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த இரண்டு பெருக்கலும் எங்கே விழுகின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது. புதிதாக வருபவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

## ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

ஈவ் ஆன்லைன் 2003 மே 6 அன்று வெளியானது. உருவாக்கியது ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம். சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு. மற்ற எல்லோரும் டிராங்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில்தான் ஆடுகிறோம். இங்கே நீங்கள் ஒரு விமானி. உங்கள் கப்பலில் பொருத்தும் ஒவ்வொரு கருவிக்கும் மாட்யூல் என்று பெயர். எந்த மாட்யூலை எங்கே பொருத்துவது என்ற மொத்த ஏற்பாடுதான் ஃபிட்டிங்.

ஸ்கில் என்பது உங்கள் விமானி கற்ற திறன். 1 முதல் 5 வரை லெவல் உண்டு. இந்த ஆட்டத்தில் ஸ்கில் ஏறுவது எதிரியைக் கொல்வதால் அல்ல, நேரம் ஓடுவதால். வரிசையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போனாலும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

## வீட்டு மின் இணைப்பாக நினைத்துப் பாருங்கள்

கத்திரி வெயிலில் வேலூரில் ஒரு வீடு. சிங்கிள் பேஸ் இணைப்பு. கடையில் இருப்பதிலேயே பெரிய ஏசியை வாங்கி மாட்டுகிறீர்கள். அது ஓடும்போதே போர் மோட்டாரையும் கீசரையும் போட்டால் எம்சிபி விழுந்துவிடும். ஏசி நல்ல ஏசிதான்; வீட்டின் இணைப்பு அதைத் தாங்கவில்லை. இன்னொரு பக்கம், சுவரில் எத்தனை பாயின்ட் இருக்கிறதோ அத்தனை சாதனங்களைத்தான் செருக முடியும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தனிக் கணக்கு.

கப்பலிலும் இந்த மூன்றும் உண்டு. சுவர் பாயின்ட் போன்றவை ஸ்லாட்டுகள். இணைப்பின் அளவு போன்றது பவர்கிரிட், மெகாவாட்டில் அளக்கப்படுகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி போன்றது கெப்பாசிட்டர். மாட்யூல்கள் இயங்கும்போது இதிலிருந்துதான் குடிக்கும், அது தானாகவே திரும்ப நிறையும். நான்காவதாக சிபியு என்று ஒரு வரம்பு இருக்கிறது, டெராஃபிளாப் கணக்கில். அதற்கு வீட்டில் ஒப்பு தேட வேண்டாம். பவர்கிரிட் போலவே இன்னொரு பட்ஜெட், அவ்வளவுதான்.

ஒப்புமை இங்கே முடிகிறது. வீட்டு இணைப்பின் அளவை மின் வாரியம் முடிவு செய்யும். கப்பலின் அளவை முடிவு செய்வதில் பாதி உங்கள் ஸ்கில்.

## ஸ்லாட்டுகள் எங்கே, எதற்கு

ஸ்லாட்டில் நான்கு வகை. ஹை ஸ்லாட்டில் துப்பாக்கி, ஏவுகணை லாஞ்சர், சுரங்க லேசர். மிட் ஸ்லாட்டில் ஷீல்டு (கப்பலைச் சுற்றிய கவசத் திரை) மாட்யூல்கள், வேகத்தைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர், எதிரியை ஓடவிடாமல் பிடிக்கும் வார்ப் ஸ்கிராம்ப்ளர். லோ ஸ்லாட்டில் ஆர்மர் (கப்பலின் உலோகக் கவசம்) மாட்யூல்கள், துப்பாக்கியின் அடியை ஏற்றும் மாட்யூல்கள். ரிக் ஸ்லாட்டில் ஒருமுறை பொருத்தினால் கழற்றும்போது அழிந்துவிடும் மாற்றங்கள். அதனால் ரிக்கைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்.

இந்த இட ஒதுக்கீட்டிலேயே ஒரு பெரிய முடிவு ஒளிந்திருக்கிறது. ஷீல்டால் தற்காத்துக்கொள்ளும் கப்பலுக்கு லோ ஸ்லாட்டுகள் மிச்சமாகும், அங்கே அடியை ஏற்றலாம். ஆர்மரால் தற்காத்துக்கொள்ளும் கப்பலுக்கு மிட் ஸ்லாட்டுகள் மிச்சமாகும், அங்கே எதிரியைப் பிடித்து வைக்கும் கருவிகளைப் போடலாம். பாதி ஷீல்டு, பாதி ஆர்மர் என்று போடும் புதியவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். முதலில் உடையும் கப்பல்களில் இப்படிப்பட்டவைதான் அதிகம்.

## கப்பல் தரும் போனஸ்

ஒவ்வொரு கப்பலும் குறிப்பிட்ட சில கருவிகளுக்கு மட்டும் கூடுதல் பலன் தரும். இதை ஹல் போனஸ் என்பார்கள். கப்பலின் தகவல் சாளரத்தில் டிரெயிட்ஸ் என்ற பகுதியில் இருக்கும். கப்பல் வாங்கும் முன் படிக்க வேண்டிய முதல் பகுதி அது.

மெர்லினை எடுத்துக்கொள்வோம். கால்டாரி இனத்தின் ஃபிரிகேட், அதாவது சிறிய போர்க்கப்பல். கால்டாரி ஃபிரிகேட் ஸ்கில்லின் ஒவ்வொரு லெவலுக்கும் இது ஹைப்ரிட் என்ற துப்பாக்கிக் குடும்பத்தில் சிறிய அளவுத் துப்பாக்கியின் அடியை 5% ஏற்றும், ஷீல்டின் எதிர்ப்பை 4% கூட்டும். லெவல் 5-இல் அடி 25% அதிகம். ஷீல்டுக்கு வரும் அடியில் 20% குறைவு. 20% குறைவு என்றால் அதே ஷீல்டு 1.25 மடங்கு அடி தாங்கும்.

அப்படியானால் மெர்லினில் என்ன போடக்கூடாது என்பது தானே தெரிகிறது. புரொஜெக்டைல் என்ற வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோகேனன் துப்பாக்கியைப் போட்டால் சுடும், ஆனால் அந்த 25% கிடைக்காது. ஆர்மர் பிளேட் போட்டால் ஒட்டும், ஆனால் எதிர்ப்பு போனஸ் ஷீல்டுக்கு மட்டும்தான். கையில் கிடக்கிறதே என்று எதையோ ஏற்றுவது கப்பலின் பாதி விலையைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

சண்டை வேண்டாம், சுரங்க வேலைதான் என்பவருக்கும் இதே கணக்கு. வெஞ்சர் கப்பல் தாதுச் சுரங்கத்துக்கு 100% கூடுதல் தரும், மைனிங் ஃபிரிகேட் ஸ்கில்லின் ஒவ்வொரு லெவலுக்கும் மேலும் 5%. மைனிங் ஸ்கில் தனியாக லெவலுக்கு 5%. அதே சுரங்க லேசரை வேறு ஃபிரிகேட்டில் மாட்டிவிட்டு "தாது ஏன் வரவில்லை" என்று கேட்பதில் பொருளில்லை.

## ஸ்கில் எப்படிப் பெருக்குகிறது

இதுதான் கட்டுரையின் நடு மையம். மெதுவாகப் படியுங்கள்.

மெர்லினின் துப்பாக்கி அடியைத் தொடும் அடிப்படை ஸ்கில்கள் ஐந்து. கால்டாரி ஃபிரிகேட் லெவலுக்கு 5% அடி. ஸ்மால் ஹைப்ரிட் டரெட் லெவலுக்கு 5% அடி. சர்ஜிக்கல் ஸ்டிரைக் லெவலுக்கு 3% அடி. கன்னரி, சுடும் இடைவெளியை லெவலுக்கு 2% குறைக்கும். ரேபிட் ஃபயரிங் அதை லெவலுக்கு 4% குறைக்கும். இவை ஒன்றோடு ஒன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன.

ஐந்தும் லெவல் 5 உள்ள பழைய ஆட்டக்காரர்: அடி 1.25 × 1.25 × 1.15 = சுமார் 1.80. சுடும் இடைவெளி 0.90 × 0.80 = 0.72. 1.80-ஐ 0.72-ஆல் வகுத்தால் 2.5. துப்பாக்கியின் அடிப்படை அடி அவருக்கு இரண்டரை மடங்கு.

இப்போது புதியவர்: கால்டாரி ஃபிரிகேட் 2, ஸ்மால் ஹைப்ரிட் 3, சர்ஜிக்கல் ஸ்டிரைக் 1, கன்னரி 3, ரேபிட் ஃபயரிங் 2. அடி 1.10 × 1.15 × 1.03 = 1.30. இடைவெளி 0.94 × 0.92 = 0.865. வகுத்தால் 1.5 மடங்கு.

கப்பல் ஒன்று, துப்பாக்கி ஒன்று, குண்டும் ஒன்று. ஒருவருக்கு 2.5, மற்றவருக்கு 1.5. புகாருக்கான விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இதில் மனம் தளர ஒன்றுமில்லை. ஐந்து ஸ்கில்லையும் லெவல் 4-க்குக் கொண்டு வந்தால் வருவது 2.09 மடங்கு, அதாவது பழையவரின் அடியில் 84%. அதற்கு எவ்வளவு நாள் ஆகும்? ஸ்கில் பாயின்ட் கணக்கு இப்படி: கடினத்தன்மை 1 உள்ள ஒரு ஸ்கில் லெவல் 4-ஐ எட்ட மொத்தம் 45,255 புள்ளிகள், லெவல் 5-ஐ எட்ட 2,56,000. கடினத்தன்மை 2 என்றால் இரட்டிப்பு. நம் ஐந்து ஸ்கில்களின் கடினத்தன்மையைக் கூட்டினால் 10 வருகிறது. எல்லாவற்றையும் 4-க்குக் கொண்டு வர சுமார் 4.5 லட்சம் புள்ளிகள், 5-க்கு 25.6 லட்சம். மாதச் சந்தா கட்டும் ஒமேகா கணக்கில், கற்கும் வேகத்தை ஏற்றும் இம்பிளான்ட் எதுவும் இல்லாமல் நிமிடத்துக்கு 30 புள்ளி என்று வைத்தால் முதலாவதற்குப் பத்தரை நாள், இரண்டாவதற்கு 59 நாள். இலவச ஆல்பா கணக்கில் வேகம் பாதிதான், சில ஸ்கில்களுக்கு உச்சவரம்பும் உண்டு.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். கருவியின் எண் அடிப்படை. ஹல் போனஸ் அதன் மேல் ஒரு பெருக்கல். ஸ்கில்கள் அதன் மேல் பல பெருக்கல்கள். ஐந்தில் 4 லெவல் என்பது செலவில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பலனில் ஆறில் ஐந்து பங்கு.

## பட்ஜெட் தீர்ந்து போவது

அடுத்த சிக்கல்: யாரோ பகிர்ந்த ஃபிட்டிங் உங்கள் கப்பலில் ஏறவே ஏறாது. காரணம் எளிது. பைஃபா என்ற ஃபிட்டிங் மென்பொருளில் "எல்லா ஸ்கில்லும் 5" என்று ஒரு தயார்நிலை விமானி இருக்கிறார். பகிரப்படும் ஃபிட்டிங்குகளில் நிறைய, அவரை வைத்துக் கணக்கிடப்பட்டவை.

சிபியு மேனேஜ்மென்ட் ஸ்கில் லெவலுக்கு 5% சிபியு தரும், பவர் கிரிட் மேனேஜ்மென்ட் லெவலுக்கு 5% பவர்கிரிட் தரும். ஒரு கப்பலின் அடிப்படை சிபியு 160 என்று வைத்துக்கொண்டால், லெவல் 5 உள்ளவருக்கு 200. லெவல் 2 உள்ளவருக்கு 176. ஃபிட்டிங் 198 கேட்டால் உங்களுக்கு 22 குறைகிறது. அத்தோடு நிற்காது. வெப்பன் அப்கிரேட்ஸ் என்ற ஸ்கில் துப்பாக்கிகளும் லாஞ்சர்களும் கேட்கும் சிபியுவை லெவலுக்கு 5% குறைக்கும். எல்லாம் 5 உள்ளவருக்கு வரவும் அதிகம், செலவும் குறைவு.

குறையும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில், பெயரில் "காம்பேக்ட்" என்று வரும் மாட்யூலைத் தேடுங்கள். அது பட்ஜெட் குறைவாகக் கேட்கும் ரகம். போதவில்லையென்றால் அதே குடும்பத்தில் சிறிய துப்பாக்கிக்கு இறங்குங்கள்: லைட் நியூட்ரான் பிளாஸ்டருக்குப் (கிட்டத்தில் சுடும் ஹைப்ரிட் துப்பாக்கி) பதில் லைட் அயன், அதுவும் ஏறாவிட்டால் லைட் எலக்ட்ரான். அடி கொஞ்சம் குறையும், ஆனால் மூன்று துப்பாக்கியும் ஓடும். ஒன்றை ஆஃப்லைனில் வைத்து இரண்டு பெரியவற்றைச் சுடுவதைவிட இது எவ்வளவோ மேல். சிபியுவைக் கூட்டும் கோ-பிராசசர், பவர்கிரிட்டைக் கூட்டும் மைக்ரோ ஆக்சிலரி பவர் கோர் போன்ற மாட்யூல்கள் கடைசி வழி. அவை லோ ஸ்லாட்டைத் தின்றுவிடும், அதாவது அடியை ஏற்றும் இடம் போய்விடும்.

## கெப்பாசிட்டர் ஏன் திடீரென்று காலியாகிறது

லேசர் நிறையக் குடிக்கும், ஹைப்ரிட் ஓரளவு குடிக்கும், புரொஜெக்டைல் துப்பாக்கியும் ஏவுகணையும் குடிப்பதே இல்லை. ஆஃப்டர்பர்னரும் ரிப்பேர் மாட்யூல்களும் ஓட ஓடக் குடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் கப்பல் செயலற்று நிற்பது புதியவரின் வழக்கமான முடிவு.

கெப்பாசிட்டர் எப்போதும் ஒரே வேகத்தில் நிறைவதில்லை. நிறைந்திருக்கும்போது மெதுவாக, 25% அளவில் இருக்கும்போது உச்ச வேகத்தில் நிறையும். அந்த உச்சம் சராசரியைப் போல 2.5 மடங்கு. 25%-க்குக் கீழே போனால் நிறையும் வேகமும் விழுந்துவிடும்; அதனால்தான் "திடீரென்று" காலியானது போலத் தோன்றுகிறது. சண்டையில் 30% தொட்டதுமே அவசியமில்லாத ஒன்றை அணைத்துவிடுங்கள்.

கெப்பாசிட்டர் மேனேஜ்மென்ட் கொள்ளளவை லெவலுக்கு 5% கூட்டும். கெப்பாசிட்டர் சிஸ்டம்ஸ் ஆபரேஷன் நிறையும் நேரத்தை லெவலுக்கு 5% குறைக்கும். 400 கிகாஜூல், 200 நொடி உள்ள கப்பலில் உச்ச வேகம் நொடிக்கு 5. இரண்டு ஸ்கில்லும் 5 ஆனால் 500 கிகாஜூல், 150 நொடி, உச்ச வேகம் நொடிக்கு 8.3. இந்த இரண்டும் இன்னும் ஏறாதவர், குடிக்காத ஆயுதமுள்ள கப்பலில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

## ஒரே மாட்யூலை அடுக்கினால்

அடியை ஏற்றும் மாட்யூல் ஒன்று நன்றாக இருந்தால் நான்கு போடலாமே என்று தோன்றும். ஸ்டாக்கிங் பெனால்டி அதைத் தடுக்கிறது: ஒரே பண்பை ஏற்றும் மாட்யூல்களில் முதலாவது முழுப் பலன் தரும், இரண்டாவது 87%, மூன்றாவது 57%, நான்காவது 28%. 10% தரும் மாட்யூலை நான்காவதாகப் போட்டால் கிடைப்பது 2.8%. மூன்றுக்கு மேல் போகாதீர்கள். இரண்டோடு நிறுத்தினாலும் தவறில்லை.

ஆனால் ஸ்கில்லுக்கும் ஹல் போனஸுக்கும் இந்த அபராதம் கிடையாது. அவை எப்போதும் முழுதாகவே பெருக்கும். லெவல் 3-இல் இருக்கும் ஸ்கில்லை 4 ஆக்காமல் நாலாவது மாட்யூலுக்குக் காசு செலவழிப்பவரிடம் காட்ட வேண்டிய வரி இது.

மறுபடி சுருக்கமாக: பட்ஜெட்டுகள் மூன்று, சிபியு, பவர்கிரிட், கெப்பாசிட்டர். மூன்றையும் ஸ்கில் விரிக்கிறது. மாட்யூலை அடுக்கினால் பலன் தேய்கிறது, ஸ்கில்லை ஏற்றினால் தேய்வதில்லை.

## எதிரியையும் பாருங்கள்

அடி நான்கு வகை: இஎம், தெர்மல், கைனடிக், எக்ஸ்ப்ளோசிவ். ஹைப்ரிட் துப்பாக்கி கைனடிக்கும் தெர்மலும் தரும். லேசர் இஎம்மும் தெர்மலும். ஏவுகணையில் குண்டை மாற்றி வகையை மாற்றலாம். குரிஸ்டாஸ், செர்பென்டிஸ் கொள்ளையர் மிஷன்களுக்கு ஹைப்ரிட் மெர்லின் நன்றாகப் பொருந்தும். அவர்கள் இந்த இரண்டு அடிக்கும் பலவீனமானவர்கள். பிளட் ரெய்டர்ஸ், சன்ஷா கொள்ளையர் என்றால் அவர்கள் சுடுவது இஎம்மும் தெர்மலும். சாதாரணக் கப்பலின் ஷீல்டுக்கு இஎம் எதிர்ப்பு 0%. அங்கே ஷீல்டின் அந்த ஓட்டையை ஒரு மிட் ஸ்லாட் மாட்யூலால் அடைத்துவிட்டுப் போங்கள்.

தூரமும் முக்கியம். துப்பாக்கிக்கு ஆப்டிமல் என்ற தூரம் வரை தூரத்தால் குறி தவறாது. அதற்கு மேல் ஃபால்ஆஃப் என்ற தூரத்தையும் கூட்டிய இடத்தில் பாதிதான் படும். பிளாஸ்டர் கிட்டத்தில்தான் கடிக்கும், அதனால் பிளாஸ்டர் போட்டவர் ஆஃப்டர்பர்னரைக் கழற்றக்கூடாது. தூரத்திலிருந்து சுடும் ஹைப்ரிட் துப்பாக்கியான ரெயில்கன் போட்டவர் எதிரியை ஒட்டிச் சுற்றக்கூடாது. கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

## வேலூரிலிருந்து ஆடுபவருக்கு

பிங் பற்றிய பயம் தேவையில்லை. இந்த சர்வர் கணக்கை நொடிக்கு ஒருமுறைதான் போடுகிறது, அதனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் போல மில்லிநொடி இங்கே உயிரை வாங்காது. தினசரி சர்வர் நிறுத்தம் நம் நேரப்படி மாலை 4:30. அந்த நேரத்தை ஒட்டி மிஷனைத் தொடங்காதீர்கள்.

கோடையில் கரண்ட் போவதுதான் நிஜமான ஆபத்து. இணைப்பு அறுந்தால் கப்பல் தானாக வார்ப் (அதிவேகப் பாய்ச்சல்) செய்து விலகப் பார்க்கும். எதிரி ஸ்கிராம்ப்ளர் போட்டிருந்தால் முடியாது. வேறு ஆட்டக்காரரோடு சண்டையில் இருந்தால் கப்பல் 15 நிமிடம் வெளியிலேயே நிற்கும். மோடத்தை இன்வெர்ட்டரில் இணையுங்கள். ஃபிட்டிங்கிலும், கையால் இயக்க வேண்டிய ரிப்பேர் மாட்யூலைவிட ஷீல்டு எக்ஸ்டெண்டரைப் புதியவர் தேர்ந்தெடுப்பது நல்லது. அது தரும் கூடுதல் ஷீல்டு நீங்கள் இல்லாதபோதும் இருக்கும். அதற்கு விலை, கப்பலின் சிக்னேச்சர் (எதிரிக்குத் தெரியும் அளவு) கொஞ்சம் பெரிதாகும், எதிரிக்குக் குறி எளிதாகும்.

## வாங்கும் முன் செய்ய வேண்டியது

ஆல்ட், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஃபிட்டிங் சாளரம் திறக்கும். அதில் சிமுலேஷனுக்குப் போனால் காசு செலவில்லாமல் எந்தக் கப்பலையும் எந்த மாட்யூலோடும் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் சொந்த ஸ்கில்லை வைத்தே அது கணக்குப் போடும். நான்கு எண்களை மட்டும் பாருங்கள்: சிபியு மீதி, பவர்கிரிட் மீதி, கெப்பாசிட்டர் எவ்வளவு நேரம் தாங்கும், நொடிக்கு எவ்வளவு அடி. ஒரு மாட்யூலை மாற்றியதும் நான்கையும் மறுபடி பாருங்கள். பைஃபா பயன்படுத்தினால் உங்கள் விமானியின் ஸ்கில்லை ஏற்றிக்கொண்டு பாருங்கள், "எல்லாம் 5" விமானியை வைத்து அல்ல.

வாங்கும்போது மூன்று முறை இழந்தாலும் தாங்கும் விலையில் வாங்குங்கள். உடையத்தான் போகிறது.

டி2 எனப்படும் இரண்டாம் தொழில்நுட்பத் துப்பாக்கி எப்போது? சிறிய பிளாஸ்டருக்கு ஸ்மால் ஹைப்ரிட் டரெட் 5 கட்டாயம், அதன் மேல் சிறப்பு ஸ்கில் ஒன்று. அது சாதாரணத் துப்பாக்கியைவிட சிபியுவும் பவர்கிரிட்டும் அதிகம் கேட்கும். ஆகவே சிபியு மேனேஜ்மென்ட், பவர் கிரிட் மேனேஜ்மென்ட், வெப்பன் அப்கிரேட்ஸ் மூன்றும் 4 ஆகும் வரை ஸ்மால் ஹைப்ரிட்டை 5-க்கு ஏற்றும் ஐந்து நாள் பயிற்சியைத் தொடங்காதீர்கள். தொடங்கி முடித்தபின் சிமுலேஷனில் ஒரு துப்பாக்கியை மட்டும் டி2 ஆக மாற்றிப் பாருங்கள்; பட்ஜெட் மீதி இருந்தால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. சிபியு சிவப்பானால் ஒரு ஷீல்டு மாட்யூலை காம்பேக்ட் ரகத்துக்கு இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.